இரண்டாவது தூண்

ரொறன்ரோ, 12 பெப்ரவரி 1973, திங்கள் இரவு.

பொறியியல் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் ரஹ்மான் வேலையை விட்டுவிட்டுப் பங்களாதேஷுக்குத் திரும்புகிறார். போரில் உடைந்த தன் ஊர்ப் பாலத்தைத் திரும்பக் கட்டப்போகிறார். இன்று வரைபடத்தைத் தந்து கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். இரண்டாவது தூண் மட்டும் மெலிவாக இருந்தது. தடிப்பாக்க வேண்டுமென்று பென்சிலால் குறித்தேன்.

"வேண்டாம்," என்றார். "என் தம்பி வெடி வைத்தது அந்தத் தூணில்தான். பாகிஸ்தான் ராணுவம் ஆற்றைத் தாண்டவில்லை. ஊர் தப்பியது. இன்னொரு முறை வந்தால்?"

பாரத்தைத் தாங்கும், வெடியைத் தாங்காது. அப்படித்தான் அவருக்கு வேண்டும். குறித்ததை அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவி சரசுவிடம் சொன்னேன்.

"அந்தப் பாலத்தால பள்ளிக்கூடப் பிள்ளையளும் போவினம் எல்லோ?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

மூன்றாவது தடவையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். தாங்கும்.