கடைசிக் கட்டம்

சோபிகாவும் அவள் கணவன் தர்மிகனும் அவன் வாங்கி வந்த பழைய நிண்டெண்டோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றி ஞாயிறு முழுக்க வாதாடினார்கள். ஆட்டத்தைச் சேமிக்க முடியாத பெட்டி எதற்கு என்றாள் அவள். அதில்தான் ருசியே என்றான் அவன்.

மறுநாள் காலை, அவன் இரவு வேலை முடிந்து வருமுன், சும்மா தொட்டுப் பார்த்தவள் கடைசிக் கட்டம்வரை போய்விட்டாள். ரயிலுக்கு நேரமாகியிருந்தது. அவசரமாகச் சீட்டு எழுதி டிவியில் ஒட்டினாள்:

"இஞ்சருங்கோ, புட்டும் மீன்குழம்பும் அடுப்பிலை இருக்கு. திறப்பைக் கதவிலை விட்டிட்டுப் படுக்காதேங்கோ. ஆட்டத்தைப் பாதியிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறன், பெட்டியை அணைச்சா எல்லாம் போச்சு. தோத்தா முதலிலையிருந்து எண்டபடியால்தான் கை நடுங்குது. புதுப் பிளேஸ்டேஷனிலை எனக்கு ஒருநாளும் நடுங்கேல்லை. நீங்கள் சொன்னது சரிதான்."

அடியில் இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினாள்: "தனிய விளையாடாதேங்கோ. சேர்ந்து முடிப்பம்."

பின்னேரம் அவள் ஸ்டோவ்னரில் இருந்த தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது தர்மிகன் டிவிக்கு முன்னால் காவலிருந்தான்.

"கேத்திலைப் போட்டா பியூஸ் போயிடுமெண்டு காலமையிலை இருந்து தேத்தண்ணிகூட வைக்கேல்லை," என்றான். "கெதியா வந்து இரும்!"

அவள் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் சிரித்தபடி அவன் பக்கத்தில் அமர்ந்தாள்.