வெனிலாக் காயின் நீளம்

மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

போன் எடுக்காததுக்குக் கோவிச்சுக்காதீங்க. உங்க குரலும் உங்க பொண்ணு குரலும் ஒண்ணு. நீங்க ஹலோன்னதும் எனக்குப் பேச்சு நின்னுடுது. அதான் எழுதறேன்.

அவ பால்கனியில வெச்ச வெனிலாக் கொடி மொட்டு விட்டிருக்கு. ஒரே கொத்துல பதினாலு. நாலு வருஷமா "இந்த வருஷம் பூக்கும் பாருங்க"ன்னுட்டே இருந்தா. அவ போய் நாலு மாசம் கழிச்சு இப்ப வந்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு பூதான் திறக்கும். காலையில திறந்து மத்தியானம் வாடிடும். இங்க அதுக்கான பூச்சி கிடையாது. வாடறதுக்குள்ள நம்ம கையால மகரந்தம் சேர்த்தாத்தான் காய்.

சாப்பிடறேன். ஃபேக்டரிக்குப் போறேன். மீட்டர்களைச் சரிபார்த்து எழுதிக் குடுக்கறேன். மாமாவுக்குக் கை அசையுதா?

உங்க மாப்பிள்ளை

மார்ச் 6

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதறது.

மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். நம்ம பாப்பா செத்துப் போன அதே வாரம் பக்கவாதத்துல விழுந்த கை இன்னும் அசையல. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்ல. "எம்பொண்ணு வெச்சதுல ஒரு காயாவது வரணும். அவ்ளோ படிச்சவருக்கு இது கூடவா தெரியாது?"ங்கறார்.

பாப்பாவை நினைச்சுத்தான் அது பூத்திருக்கு. ஒரே ஒரு காய் போதும் மாப்பிள்ளை. இவரை விட்டுட்டு நான் வர முடியாது. நீங்கதான் செய்யணும்.

அத்தை

மார்ச் 10

அத்தைக்கு,

ஒரு பூ பிடிச்சிருச்சு. காய் முத்த ஒன்பது மாசம் ஆகும். மாமாகிட்ட சொல்லுங்க.

மாப்பிள்ளை

மார்ச் 13

மாப்பிள்ளை, நீங்க நல்லா இருக்கணும்.

கைக்குப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணை இத்தனை நாளா விரட்டிட்டிருந்த மனுஷன், நேத்து அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "அந்தக் காயை நான் இந்தக் கையால பறிக்கணும், என்ன செய்யணும் சொல்லும்மா"ங்கறார். மாத்திரையைத் துப்பல. காய் எவ்வளவு நீளம்னு கேக்கச் சொன்னார்.

அத்தை

மார்ச் 17

அத்தைக்கு,

காய் இல்ல. பொய் சொல்லிட்டேன். இன்னைக்குக் கடைசிப் பூவும் கொட்டிடுச்சு.

தினமும் பல் குத்தற குச்சியை எடுத்துட்டுப் போய் நின்னேன். பூவுக்குள்ள ஒரு சின்னத் தோல் இருக்கு. அதைத் தூக்கி, மகரந்தத்தை அழுத்தணும். அஞ்சு செகண்ட் வேலை. சும்மா நிப்பேன். அப்புறம் பார்த்தா மணி பன்னெண்டு, பூ மூடியிருக்கும். பதினாலு நாளும் இப்படித்தான்.

இன்னொண்ணு. அவளை நினைச்சு அது பூக்கல. அவ போனப்புறம் ரெண்டு மாசம் நான் அதுக்குத் தண்ணியே ஊத்தல. மறந்துட்டேன். காயப் போட்டாத்தான் வெனிலா பூக்குமாம், புத்தகத்துல இருக்கு. அவ ஆசை ஆசையா தண்ணி ஊத்தினதாலதான் நாலு வருஷமா பூக்கல. இதை அவகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. யார்கிட்டப் போய்ச் சொல்றது?

எங்க தொழில்ல, பார்க்காத ரீடிங்கை எழுதினவன் அப்புறம் மீட்டரையே தொடக் கூடாது. மாமாகிட்ட நானே சொல்லட்டுமா?

மாப்பிள்ளை

மார்ச் 20

மாப்பிள்ளை,

சொல்லாதீங்க. லெட்டரை அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன்.

எனக்குக் கோவம் வந்துச்சு. பொய்யை எழுதினதுக்கு இல்ல, நிஜத்தை எழுதினதுக்கு. மாமா ரெண்டு விரலை லேசா அசைச்சுட்டார். "நீளம் வந்துச்சா?"ன்னு பொழுதன்னைக்கும் கேக்கறார். மாப்பிள்ளை அளந்து எழுதுவார்னு சொல்லிட்டேன். நானா சொன்னா ஏதாவது உளறி மாட்டிப்பேன்.

வாரத்துக்கு ஒரு லெட்டர் போடுங்க. கவர்ல ரெண்டு தாள் வைங்க. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு எனக்கு, அதுல நிஜம் மட்டும் எழுதுங்க. ஒன்பது மாசம் கழிச்சு என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியல.

அத்தை

மார்ச் 24

மாமாவுக்கு,

காய் ஒன்பது சென்டிமீட்டர் இருக்கு. நல்ல பச்சை. கீழே பார்த்துத் தொங்குது. நீங்க பயிற்சியை விடாதீங்க.

மாப்பிள்ளை

(ரெண்டாவது தாள்)

அத்தைக்கு,

மாமாவுக்கு எழுத உக்காந்தேன். நீளம்னு எழுதினதும் எழுந்து போய் ஸ்கேலை எடுத்துட்டுப் பால்கனிக்குப் போயிட்டேன். கொடி முன்னாடி குனிஞ்சப்புறம்தான் அங்க ஒண்ணும் இல்லைங்கறது ஞாபகம் வந்துச்சு.

அப்படியே திரும்பி வர முடியல. பூவெல்லாம் கொட்டின காம்பை அளந்தேன். ஆறு சென்டிமீட்டர். நுனி கருகிட்டு வருது.

இது பார்த்து எழுதினது.

மாப்பிள்ளை