படகுப் பாட்டுக்கு எடுத்த ராகம்

ஜூன் 9, திங்கள்

சபையில் பாட்டு நடத்தும் ஞானமணி சாருக்குக் கண்ணில் ஆபரேஷன். தேனிக்குப் போய்விட்டார். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும் வேலையைப் போதகர் என் தலையில் கட்டிவிட்டார். "நீங்க நல்லாப் பாடுவீங்கல்ல, செல்வப்பிரியா" என்கிறார். பாடுவது வேறு, இது வேறு. பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு மைக் பிடித்தவள்தான் நான். ஆனால் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கும் இந்தச் சபைக்கும் வந்தது ஜனவரியில். எதற்கு எழுந்து நிற்பது, எதற்கு உட்காருவது என்று இன்னமும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் செய்கிறேன்.

வேத பாகம் கொடுத்திருக்கிறார். ஏரியில் புயல். சீடர்கள் அலறுகிறார்கள், இயேசு படகில் தூங்குகிறார். பிறகு எழுந்து காற்றை அதட்டி அடக்குகிறார்.

இந்த வாரம் பார்த்தா இது வரணும்?

ஜூன் 10, செவ்வாய்

தூக்கமே இல்லை. எல்லாம் அத்தையை நினைத்துத்தான்.

போன மழையில் எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்து, என் வீட்டுக்காரர் ஆசீருடைய அண்ணன் தாவீது ஓட்டிப்போன ஜீப்பை ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. ஜீப் கிடைத்தது. அண்ணன் கிடைக்கவில்லை. அதோடு அத்தை சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கே வாசலுக்கு வெளியே குடையோடு நின்றார்.

அப்படிப்பட்டவர் நேற்று சாப்பிடும்போது தானாகவே சொல்கிறார்: "ஞாயித்துக்கெழம நீ பாட்டு எடுக்கியாமே. வந்து கேக்கேன்." ஆசீர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ரசம் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

அத்தை வந்து உட்கார்ந்து, புயல் அடங்கிய கதையைக் கேட்டு, அதன்மேல் நாங்கள் கைதட்டி ஒரு வெற்றிப் பாட்டு வேறு பாடினால்? உன் பிள்ளைக்கு மட்டும் அடங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போல் இருக்காதா? இந்த முறை எழுந்து போனால் இனி வரவே மாட்டார். மருமகள் பாடித்தான் போனார் என்று ஆகிவிடும்.

ஜூன் 11, புதன்

பாட்டுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியாயிற்று. புயல் என்று வருகிற இடமெல்லாம் ஒரே கொண்டாட்டம். கடைசியில் ஒன்று கிடைத்தது. படகு ஆடுகிறது, எழுந்திரும் எழுந்திரும் என்று கெஞ்சுகிறார்கள். காற்று அடங்கியதா இல்லையா என்று சொல்லாமலே பாட்டு முடிகிறது. படித்ததும் மூச்சு வந்தது.

புத்தகத்தில் அதற்கு இரண்டு ராகம் போட்டிருக்கிறது. முதலாவது எட்டாத உயரத்துக்குப் போகிறது. இரண்டாவது சுலபம். எந்தப் பாட்டுக்கு என்று சொல்லாமல், அந்த ராகத்தை மட்டும் ஞானமணி சாரிடம் போனில் கேட்டேன். பாவம், கண்ணில் கட்டோடு முனகி அனுப்பினார். நல்ல ராகம். மெதுவாக நடந்து போகிற மாதிரி.

ஜூன் 12, வியாழன்

பயிற்சி. பாடகர் குழுவில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பாடினார்கள். ரூபி மட்டும், "அக்கா, இந்த ராகமா? ஞாயித்துக்கெழமைக்கா?" என்றாள்.

"ஏனுங்க, கஷ்டமா இருக்குதுங்களா?"

"கஷ்டமெல்லாம் இல்ல" என்று தரையைப் பார்த்தாள்.

வெளியூர்க்காரி சொல்லி நாம் பாடுவதா என்று நினைக்கிறார்களோ? இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

தலையில் கல்லைப் போட்டுக்கொண்டேன்.

அடுப்படியில் அந்த ராகத்தை முனகிக்கொண்டே சோறு வடித்தேன். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆசீர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் பாடிக் காட்டினேன். அவர் முகம் செத்துவிட்டது.

"ஏ பிள்ள, இது பெட்டியத் தூக்கிட்டு கல்லறமேட்டுக்கு ஏறும்போது பாடுதது. வேற எதுக்கும் இங்க யாரும் பாட மாட்டாங்க."

என்னத்தப் பண்ணித் தொலச்சேன்? ரூபி கேட்டாளே, அப்பவாச்சும் புத்தி வந்துதா? எனக்கு யாரு சொன்னா? நான் வந்தப்பறம் இந்த லயத்து வீடுகள்ல யாரும் சாகல. புஸ்தகத்துல ராகம்னுதான் போட்டிருக்குது, சாவு ராகம்னா போட்டிருக்குது?

அத்தை ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 14, சனி

காலையில் பால் விடாத கட்டன்சாயாவோடு போய் நின்றேன். "அத்தை, ராகத்த மாத்திடறனுங்க. தெரியாமப் பண்ணிட்டேனுங்க."

டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"மாத்தாத" என்றார். "இங்க யாரு செத்தாலும் அதப் பாடித்தான் மேட்டுக்குக் கொண்டு போவோம். எம்பிள்ளைக்குப் பெட்டி கெடையாது. அதனால பாட்டும் இல்லாமப் போச்சு. ஜெபம் பண்ணுனாவ, பிரசங்கம் பண்ணுனாவ. அத மட்டும் யாரும் பாடல. நேத்து நீ பாடையில, யாரோ அவனுக்குப் பாடுதாவன்னு இருந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "நாலாவது அடில இழுக்கணும். நீ வெட்டி வெட்டிப் பாடுத" என்றார்.

போதகருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "பாடுங்க" என்றார். ரூபியும் சரி என்றாள். ஆனால் சபை? நாளைக்கு ஒருவரும் வாய் திறக்காவிட்டால்? அத்தை காதில் அந்த மௌனம் விழுந்தால் நான் என்ன செய்வேன்?

ஜூன் 15, ஞாயிறு

அத்தை வந்தார். கதவை ஒட்டின கடைசிப் பெஞ்சு.

பாகம் வாசித்து முடிந்தது. நான் தொடங்கினேன். முதல் அடியில் என் குரலும் ரூபி குரலும் மட்டும்தான். பெஞ்சுகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது அடியும் அப்படியே. நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நாலாவது அடியில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்து அதை இழுத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சரணத்துக்கு எல்லாருமே பாடினார்கள்.

ஆராதனை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தூறலில் முற்றத்திலேயே நின்றார்கள். அந்த ராகம் பாடினால் மேட்டுக்கு ஏறுவதுதான் இங்கே வழக்கம். யார் முதலில் நடந்தார்கள் என்று தெரியவில்லை. பெட்டி இல்லாமல், திரும்பவும் பாடிக்கொண்டே, தேயிலைக்கு நடுவே எல்லாரும் ஏறினோம். மேலே மாமாவின், ஆசீர் அப்பாவின், கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் இடம். அங்கே வந்ததும் அத்தை ஆசீரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏ, தாவீதே" என்று வாய்விட்டு அழுதார்.

இறங்கும்போது என் குடைக்குள் வந்தார்.

"அடுத்த வாரம் என்ன பாகம்?" என்று கேட்டார்.