இடது கைக்கு ஒரு கிடார்

என் பிரிய மாமா,

உங்கள் கிடாரை முடித்துவிட்டேன். இதைக் கேட்டு சந்தோஷப்படுவீர்களா, மாட்டிக்கொண்டோமே என்று முழிப்பீர்களா, தெரியவில்லை. நீங்கள் இருந்து நான் நேரில் கேட்டிருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பீர்கள். இப்போது அதற்கு வழியில்லை. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு பின்னால் இருக்கும் ஷெட்டை நான் திறக்கவில்லை. மழையில் கூரை ஒழுகியதால்தான் திறந்தேன். மேசைமேல் கோணிக்கு அடியில் கிடந்தது. நடுவில் கெட்டியான வேங்கைக் கட்டை, இரண்டு பக்கமும் குடைந்த பலா மரம். மேலே ஒட்ட வேண்டிய மெல்லிய பலகை தனியாக, இரண்டு வளைந்த துளைகளோடு. “முழுசா கொடைஞ்சா ஸ்பீக்கராண்ட ஊளையிடும். கொடையாம வுட்டா வெறும் கட்ட. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பண்றேன்” என்று சொன்னீர்களே, அது இதுதானா? அன்றைக்கு நான் அரைக் காதோடு கேட்டேன்.

உங்கள் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் யூசுப்பைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மடியில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“இன்னா யூசுப்?”

“ஒண்ணுமில்ல அண்ணி. இது லெஃப்ட் ஹேண்ட் கிடாரு.”

கிடாரின் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரல் எட்டுவதற்காக ஒரு பக்கத்தை வளைத்து வெட்டியிருப்பார்களாம். உங்கள் பழைய கிடாரில் அது கீழ்ப்பக்கம் இருக்கிறது. அதே மாதிரி பிடித்தால் இதில் மேல்பக்கம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்குப் போட்ட துளைகளும் மாறித்தான் இருந்தன.

“தப்பா வெட்டிட்டாரோ?”

“அண்ணனா? கதவு ஜன்னல் பட்டறையில இத்தினி வருசமா மரம் அறுத்தவரு. தப்பா வெட்டுவாரா?” என்றான். பிறகு ஏன் இதைச் சொன்னோம் என்பது போல, வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

நீங்கள் வலது கைக்காரர். நம் வீட்டில் இடது கைக்காரர் யாருமில்லை. அப்படியானால் இது யாருக்கு?

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சி சொல்கிறது, மாமா. நான் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் கோணியை இழுத்து மூடினீர்கள். டிவி பார்க்கும்போது இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டீர்கள். உள்ளே போன் இருக்கிறதோ என்று இப்போது தோன்றியது. கம்பி வாங்க வாலாஜாபாத் போகிறேன் என்பீர்கள், வெறுங்கையோடு வருவீர்கள். கேட்டால், கடை மூடியிருந்தது. எத்தனை தடவை மூடும் ஒரு கடை?

உங்கள் கச்சேரி வீடியோக்களை எல்லாம் போனில் ஓட்டிப் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை. மற்றவர்களின் கைகளைப் பார்த்தேன். பாடுகிற செல்வி மைக்கை இடது கையில் பிடித்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் இடது கையால்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மானாம்பதிக்கு பஸ் ஏறினேன்.

செல்வி என்னைக் கண்டதும் உட்கார வைத்தாள். இடது கையில் சொம்பைக் கொண்டுவந்து, நீட்டும்போது வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் வாங்கவில்லை.

“உனக்கு கிடார் வாசிக்கத் தெரியுமா?”

“எனக்கா? தாளம் போடவே தெரியாதுக்கா. இன்னாத்துக்குக் கேக்குற?”

கிடாரையும் என் சந்தேகத்தையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஏன் கோபப்படவில்லை என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவரு கையி உனக்குத் தெரியாதா?”

“இன்னா கை?”

“இடது கையில கடைசி ரெண்டு வெரலு மரத்துப் போய்க்கினே இருந்திச்சிக்கா. கம்பிய அழுத்த முடியல. பாதிப் பாட்டுல வுட்டுடுவாரு, யூசுப்புதான் கீபோர்டுல இட்டு நெரப்புவான். வூட்ல தெரியும்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

அங்கிருந்து நேராக யூசுப் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“சத்தியம் வாங்கிக்கினாரு அண்ணி. பட்டறையில தெரிஞ்சா மெஷினாண்ட நிக்க வுடமாட்டாங்க, வூட்ல தெரிஞ்சா கச்சேரிக்கே அனுப்பமாட்டாங்கன்னாரு. வாலாஜாபாத்துல டாக்டராண்ட காட்டிக்கினு இருந்தாரு. இனிமே வலது கையால அழுத்தி, இடது கையால மீட்டிக்கிறேன், மொதல்லேர்ந்து கத்துக்கிறேன்னாரு. அதுக்குத்தான் அந்த கிடாரு.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இன்னொருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டு விரலை யாரிடம் போய்த் திட்டுவது? நீங்கள் சட்டைப் பொத்தான் போட நேரம் எடுத்ததை, டம்ளர் நழுவியதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? என்னிடம் சொல்லக் கூடாத அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன், மாமா?

பிறகு இன்னொன்று தோன்றியது. அதிலிருந்து தூக்கம் சரியில்லை. பைக்கில் கிளட்ச் இடது கையில்தானே இருக்கிறது?

பட்டப்பகல். எதிரே ஒரு வண்டியில்லை. கல்யாணக் கச்சேரி முடிந்து வரும்போது, தெரிந்த சாலையில், வளைவு திரும்பாமல் நேராகப் போய் மதகில் மோதினீர்கள். “குடிச்சிட்டுதான் வுழுந்திருப்பான்” என்று உங்கள் தம்பி சாவு வீட்டிலேயே சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கச்சேரி முடிந்தால் சில நாள் நீங்கள் குடிப்பீர்கள் என்பதும் உண்மைதான். அன்றைக்குக் குடித்தீர்களா? யூசுப்பைக் கேட்டேன். சாப்பிட்டதும் நீங்கள் தனியாகக் கிளம்பிவிட்டீர்களாம், அவனுக்குத் தெரியாதாம். அவன் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்பதும் எனக்கு இப்போது தெரியவில்லை.

கிடாரை மட்டும் விடவில்லை. மேல்பலகையை யூசுப் ஒட்டி இறுக்கினான். நீங்கள் செதுக்கி வைத்திருந்த கழுத்தைப் பொருத்தினான். வயர் வேலை என்னுடையது. கம்பெனியில் நாள் முழுக்க சால்டரிங் செய்கிற கை, அது பழகியதுதான். ஆனால் இதில் வயரோடு குமிழ்களை வளைந்த துளைக்குள் விட்டு, நூல் கட்டி, குமிழுக்குப் போட்ட துளை வழியாக இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. உங்களோடு குடித்தனம் பண்ணியது போலத்தான்.

கம்பி கட்டி ஆம்ப்ளிஃபையரில் சொருகியதும் யூசுப் கம்பிகளை ஒரு தட்டு தட்டினான். ஊளையிடவில்லை. கட்டையாகவும் இல்லை. அவன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கம்பிய மாத்திக் கட்டட்டுமா அண்ணி? வலது கைக்காரங்க யாரானா வாசிப்பாங்க.”

வேண்டாம் என்றேன். வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இடது, வலது. எனக்கு இரண்டுமே புதுசு. இப்படியே கற்றுக்கொள்கிறேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

உங்கள் வருஷ திதிக்குத் தம்பி வருவார். எல்லோரும் இருக்கும்போது உங்கள் விரல்களைப் பற்றிச் சொல்வேன். கை மரத்துத்தான் விழுந்தீர்கள் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் குடித்துத்தான் விழுந்தார் என்று இனி யாரையும் என் எதிரில் அடித்துச் சொல்ல விடமாட்டேன். அதற்கு மேல் உங்களுக்காக எதையும் மறைக்கவும் மாட்டேன். இது என் வாக்கு.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
தேவகி
உத்திரமேரூர்