எதிர்மாடி ஜன்னல்

அன்புள்ள மனைவிக்கு,

உன் அம்மா வீட்டில் எல்லோரும் நலம்தானே? எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை.

நான் இத்தனை காலம் ஆராய்ந்த வெள்ளைப் பூச்சைத் தையல்காரர் வீட்டு மொட்டைமாடியில் அடித்தோம். உள்ளே அனல் தணிந்துவிட்டது. "பாப்பா இப்பதான் சார் பகல்ல தூங்குது" என்றாள் அவர் மனைவி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்று எதிர்மாடிப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு கூசுது தம்பி. ஜன்னலையே திறக்க முடியல. அந்த வெள்ளைப் பூச்சை அழிச்சிடுங்க."

வெயிலைத் திருப்பி அனுப்பத் தெரிந்த எனக்கு, அது யார் வீட்டுக்குப் போகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. "பார்க்கிறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அழிப்பதா, விடுவதா? ஒன்றும் ஓடவில்லை.

நீ இங்கே இருந்திருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன். இருந்த நாளில் எதையாவது கேட்டிருக்கிறேனா? நினைவில்லை. நீயே சொல்.

உன் வீட்டுக்காரன்