முனியாண்டியின் கண்

வட்டவளை, ஞாயிறு இரவு.

உலகமே காத்திருந்த கேமரா யுத்தம் இன்று முனியாண்டி கோயிலடியில் நடந்தேறியது. பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கல்யாணத்தை என் கிழட்டு மிரர்லெஸ் கேமரா எடுப்பதா, அக்கா மகள் செல்வி வாங்கிய புதுசு எடுப்பதா என்பதே வழக்கு. இரண்டும் புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கான மலிவு மாடல்கள்தான். இரண்டுக்கும் நடுவில் பத்து வருட வித்தியாசம். சிலைக்கு முன்னால் என் மனைவியை நிறுத்தினோம்.

"என்னோடது தானாவே கண்ணத் தேடி ஃபோகஸ் பிடிச்சிரும் மாமா," என்றாள் செல்வி.

பிடித்தது. மனைவி கண் சிமிட்டிய நொடியில் முனியாண்டியின் உருட்டுக் கண்ணைப் பிடித்தது! நான் சக்கரவர்த்தியாகச் சிரித்தேன்.

உடனே மூடுபனி இறங்கியது. என் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவித்தது. செல்வியுடையது பனிக்குள்ளும் மனைவியின் சிரிப்பைத் தெளிவாக எடுத்தது.

"என்னைய ஒரு நாளாவது இப்பிடி எடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

கல்யாணத்தைச் செல்விக்கே கொடுத்துவிட்டேன். படம் எடுத்து முடித்துக் கடைசிப் பந்தியில் ஆறிய சோறு தின்றே காலம் போனது. இந்த முறை முதல் பந்தி எனக்கு.