மிலோராத் எங்கே?

ஸொம்போர்
2 செப்டம்பர் 2019

அன்புள்ள சம்பந்தியம்மா ராதோய்காவுக்கு,

விதோசாவா எழுதுவது. போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம், நீங்கள் எடுப்பதாகக் காணோம். கடிதமென்றால் மணியைப்போல ஓய்ந்துவிடாது, மேசைமேல் கிடந்து உங்களை முறைத்துக்கொண்டே இருக்கும் என்று இதை எழுதுகிறேன்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டதாக என் மகள் தியானா கிராட்ஸ் நகரிலிருந்து சொன்னாள். உங்கள் மகன் நேனாதும் உங்களிடம் சொல்லியிருப்பான். எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தது அவர்கள் இரண்டு பேர்தான். நானும் நீங்களும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் உங்களைச் சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிடுவேன். பிடிக்கவில்லையென்றால் எழுதித் திட்டுங்கள், அந்தச் சாக்கிலாவது பதில் வரும்.

ஏப்ரலில் உங்கள் வீட்டுக்காரர் மிலோராத் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது. உங்கள் வீட்டு ஜன்னல் பகலில்கூடத் திறப்பதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். சாப்பிடுகிறீர்களா? ‘ஏதோ சாப்பிட்டேன்’ என்று எழுத வேண்டாம், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள்.

இங்கே குடமிளகாய் சுடும் காலம், தெருவே மணக்கிறது. என் வீட்டுக்காரர் ஸ்தேவா நேற்று காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு நீட்டினார். “இத்தன வருஷம் நீ ஆக்கிப்போட்டதுக்குப் பழி வாங்க வேணாமா?” என்று சிரிக்கிறார். கிழவருக்குக் குசும்பு குறையவில்லை. உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

பதில் வரும் என்று வாசலைப் பார்த்திருக்கும்,
விதோசாவா

*

வாலியெவோ
14 செப்டம்பர் 2019

அன்புள்ள விதோசாவா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி முறைத்துக்கொண்டுதான் கிடந்தது.

ரொட்டியும் தயிரும் சாப்பிட்டேன். நேற்றும் அதுதான். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள் என்கிறார். என்ன பேசுவது? வருகிறவர்கள் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள், விலைவாசியைப் பற்றிப் பேசுகிறார்கள். மிலோராத் என்ற பேர் மட்டும் ஒருத்தர் வாயிலும் வருவதில்லை. நான் அழுதுவிடுவேனாம். நானாக ஆரம்பித்தால், “காப்பி ஆறுது, குடிங்க” என்கிறார்கள். அவர் செத்தது ஏப்ரலில். இவர்கள் அவரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்குகிறார்கள். காலையில் எதற்கு எழுந்திருப்பது என்றே தெரியவில்லை. இதை நேனாதிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

நவம்பர் 16 எங்கள் வீட்டு ஸ்லாவா. எங்கள் குலத்தைக் காக்கும் புனித ஜார்ஜின் நாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதும் ரொட்டியை வெட்டித் திருப்புவதும் எப்போதும் மிலோராத்தான். நேனாதுக்கு லீவு இல்லையாம். அதனால் இந்த வருடம் விருந்தினரை வரவேற்பதற்கில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கப்போகிறேன். இந்த வருடம் மட்டுமில்லை, இனி எந்த வருடமும் கிடையாது. கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

உங்கள் மகள் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம். சொல்லக்கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

ராதோய்கா

*

ஸொம்போர்
25 செப்டம்பர் 2019

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

திட்டியதற்கு நன்றி. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. என் மகளுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன், உங்கள் மகனையும் குறை சொல்ல மாட்டேன். கிராட்ஸில் பூட்டிய அறைக்குள் நடந்தது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஸ்லாவா விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஞாபகம் இருக்கிறவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். இத்தனை வருடத்தில் நீங்கள் எங்களை ஒரு தடவையாவது வாருங்கள் என்று கூப்பிட்டதுண்டா? கூப்பிடாதவர்களை வராதே என்று எப்படிச் சொல்வீர்கள்? பத்திரிகையில் தாராளமாகப் போடுங்கள். அந்தப் பத்திரிகை ஸொம்போருக்கு வருவதில்லை.

ஸ்தேவா போன வாரம் சந்தைக்குப் போனவர் மத்தியானம் வரை வரவில்லை. மருந்துக்கடைப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள். “அழகான பொண்ணோட ஊர் சுத்திட்டு வந்தேன், வயித்தெரிச்சலா?” என்கிறார். இப்போதெல்லாம் நானும் கூடவே போய்விடுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். உங்கள் பிளம் பாகு சர்க்கரை போடாமலே அவ்வளவு கெட்டியாக வருமே, எப்படி? நான் கிண்டினால் அடிப்பிடித்துக் கரியாகிறது. ஒழுங்காக எழுதி அனுப்புங்கள்.

உங்களை விடுவதாக இல்லாத,
விதோசாவா

*

வாலியெவோ
10 அக்டோபர் 2019

அன்புள்ள விதோசாவா அவர்களுக்கு,

நான் எதையும் அளந்து செய்ததில்லை. உங்களுக்கு எழுதுவதற்காகவே சந்தைக்குப் போய்க் கடைசிப் பிளம் பழங்களை வாங்கிவந்து கிண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. தோல் சுருங்கிய பழம்தான் வேண்டும். தீ சின்னதாக இருக்க வேண்டும். கிண்டுவதை நிறுத்தவே கூடாது, நீங்கள் நடுவில் கதை பேசப் போய்விடுவீர்கள், அதனால்தான் கரியாகிறது. கை வலித்தது. ஆனால் அன்றைக்குப் பசித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிவிப்புக் கொடுத்துவிட்டேன். தயவு செய்து வராதீர்கள். காலியான அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து விருந்து வைக்க என்னால் முடியாது.

ராதோய்கா

*

வாலியெவோ
20 நவம்பர் 2019

என் அன்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். நன்றி.

ஸ்லாவா அன்று மத்தியானம் வாசல் மணியடித்தபோது நான் இரவு உடையில் இருந்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு ஊரில் யாரும் வரவில்லை. கதவைத் திறந்தால், துண்டில் சுற்றிய ரொட்டியைக் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு நீங்கள். “நோவி சாத்ல பஸ் மாறி, பெல்கிரேடுல பஸ் மாறி வந்திருக்கோம். வாசல்லயே நிக்கவெச்சுப் பேசப்போறீங்களா?” என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

மேசையில் உட்கார்ந்ததும் ஸ்தேவா அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மிலோராத் எங்கே? நான் வந்தது தெரியாதா அவனுக்கு?”

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. “சும்மா இருங்க” என்று அவர் முழங்காலை அழுத்தினீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உப்புப் போட்ட காப்பி குசும்பு இல்லை. சந்தையில் அவர் ஊர் சுற்றவில்லை, வழி தெரியாமல் நின்றிருக்கிறார். நீங்கள் எழுதியதையெல்லாம் படித்து இங்கே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. “விறகெடுக்கப் போயிருக்கார், வந்துடுவார்” என்றேன்.

“சரியான சோம்பேறி. விறகு வெட்டுறானா, மரம் நடுறானா? சரி, அவன் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், அவன்கிட்ட சொல்லிடாதீங்க. டான்யூப்ல மீன் பிடிக்கப் போவோமில்ல? உங்க வீட்டுக்காரர் இடுப்புல லாரி டியூப மாட்டிக்கிட்டுத்தான் படகுலயே உக்காருவார். தண்ணின்னா அவ்வளவு பயம். நீச்சல் சுத்தமாத் தெரியாது!”

டான்யூபைக் குறுக்கே நீந்துவேன் என்று கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் பீற்றிக்கொண்ட மனிதர்! நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்து, அப்படியே அழுது, திரும்பவும் சிரித்தேன். நீங்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். தண்ணீர் எதற்கு? எனக்குத் தெரியாத மிலோராத் ஒருவர் இன்னும் மிச்சமிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை மாதத்தில் அவர் பேரை என் வீட்டில் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் ஸ்தேவா அண்ணன்தான்.

பிறகு மெழுகுவர்த்தி ஏற்றினோம். மூன்று பேரும் ரொட்டியைப் பிடித்துத் திருப்பினோம். எந்தப் பக்கம் திருப்புவது என்று நாம் இரண்டு பேரும் தடுமாறினோம், அவர் கை தடுமாறவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பாத்திரம் கழுவப் போன நீங்கள், கையில் ஈரத் துண்டோடு சமையலறை நாற்காலியிலேயே தூங்கிவிட்டீர்கள். எழுப்ப மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு இரவு முழுதாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று? நேனாதின் அறை காலியாக இருக்கிறது. இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள், குளிர்காலம் முடியும்வரை இங்கேயே இருங்கள். பகலில் அவர் என் பொறுப்பு. நீங்கள் தூங்குங்கள். இதைத் தயவு என்று நினைக்காதீர்கள். அவர் மிலோராதைக் கேட்கிறார். பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஸ்லாவாவுக்குத்தான் அழைக்கக்கூடாது. இது ஸ்லாவா இல்லை, அதனால் வாய்விட்டு அழைக்கிறேன். வாருங்கள்.

உங்கள் சம்பந்தி,
ராதோய்கா

*

ஸொம்போர்
28 நவம்பர் 2019

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதத்தை நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன். டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டார், அவருடைய இந்த மறதி இனி கூடத்தான் செய்யும் என்று. உங்கள் பாரம் உங்களுக்கு, அதில் என்னுடையதையும் ஏற்ற வேண்டாம் என்று வேடிக்கையான பக்கத்தை மட்டும் எழுதினேன். எழுதும்போது எனக்கும் அது வேடிக்கையாகத் தெரியும். மற்ற நேரத்தில் பயமாக இருக்கும். உங்களுக்கு எழுத உட்காரும்போதுதான் நான் சிரித்தேன். நான் ஏதோ உங்களைத் தேற்றியதாக நினைத்து நன்றி சொல்கிறீர்கள். பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது எனக்கு, சம்பந்தியம்மா. நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

தியானா போனில், “நாங்கதான் பிரிஞ்சிட்டோமே, நீ அந்த வீட்டுல போய்த் தங்குறது நல்லாவா இருக்கும்?” என்றாள். “பிரிஞ்சது நீங்கதானடி, எங்களுக்கென்ன?” என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எடுத்ததை அவரிடம் சொன்னதுதான் தப்பு. “மிலோராத் காத்துக்கிட்டிருப்பான், கிளம்பு கிளம்பு” என்று காலையிலிருந்தே கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு வியாழக்கிழமைதான் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை. சூப்பைக்கூடத் தொப்பியோடுதான் குடித்தார்.

உங்கள்,
விதோசாவா